துணைக்கு ஒரு பெஞ்சு

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லப்பட்ட ஒரே விதி, வாயை மூடிக்கொண்டிரு என்பது. கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் இருக்கும் எங்கள் சின்னக் கல்லூரியில் எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் வருடம் குழுவாகச் சேர்ந்து, ஊர்க்காரர் ஒருவருக்கு உபயோகப்படுகிற மாதிரி ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். தலைமை ஏற்பது, கூடி வேலை செய்வது எல்லாம் அப்படித்தான் வரும் என்பது கல்லூரியின் நம்பிக்கை. ஊர்க்காரரைத் தேடிப் பிடிப்பது, பட்டறையைத் திறந்துவிடுவது, வேன் ஓட்டுவது என் பொறுப்பு. பிள்ளைகள் தப்புச் செய்தால் நடுவில் புகுந்து திருத்தக் கூடாது. அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். மனதில் இருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாத எங்கள் ஊரில் பிறந்த ஒருத்திக்கு, வாயை மூடிக்கொண்டிருக்கச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

அந்த வருடம் நான் பிடித்துக் கொடுத்த ஆள் ஓரின் ஸ்கார். நாற்பதைத் தாண்டியவர். பள்ளிப் பேருந்து டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். ஒரு பிப்ரவரியில் வீட்டுக் கூரையில் சேர்ந்த பனியைத் தள்ள ஏறி, பனியோடு சேர்ந்து தானும் கீழே வந்துவிட்டார். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலி. அதே டிப்போவில் இப்போது டெலிபோன் மேஜையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எங்கே சிக்கிக்கொண்டது என்று பார்த்துக்கொள்கிறார்.

அவரோடு இருப்பது அக்கா டார்லா. என்னோடு பள்ளியில் படித்தவள். தம்பி விழுந்த மறுநாள் துலூத் நகரத்திலிருந்து ஒரு பெட்டியோடு வந்தாள், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. துலூத்தில் அவளுக்குச் சொந்த வீடு உண்டு, ஏரியைப் பார்த்த மாதிரி. அதை வாடகைக்கு விட்டிருக்கிறாள். வசந்தகாலம் வந்தால் புது ஆள் தேட வேண்டும். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி என்னிடம் ஒரு நோட்டீஸைக் கொடுப்பாள். நல்லவள். தம்பிக்குத் தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற அளவுக்கு நல்லவள்.

ஓரின் கேட்டது ஒரு மீன் வீடு. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் ஏரி கல்லாக உறைந்துவிடும். சறுக்குக் கட்டை வைத்த ஒரு குட்டி வீட்டை அதன் மேல் இழுத்துக்கொண்டு போய் வைத்து, தரையில் இருக்கும் திறப்பு வழியாகப் பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாலை வரை உட்கார்ந்திருப்பார்கள். மீன் கிடைத்ததா என்று வீட்டில் யாரும் துருவித் துருவிக் கேட்பதில்லை. விழுந்த பிறகு சிநேகிதர்கள் ஓரினை ஒருமுறை தூக்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார வைத்தார்கள். அடுத்த முறை கூப்பிட்டபோது சளி என்று சொல்லிவிட்டார். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

குழுவில் மூன்று பேர். முதல் நாள் பட்டறையில் டாமினிக் ஃபெரான்டே என்கிற நியூ ஜெர்சிப் பையன், "யாரு லீடர்?" என்று கேட்டான். பக்கத்து ஊர் வான்கோழிப் பண்ணைக்காரர் மகள் பிரிட்டா க்வாலே தரையைப் பார்த்தாள். செயின்ட் பால் நகரத்தில் குடியேறிய, மாங் என்கிற ஆசிய இனக் குடும்பத்துப் பையன் பெங் லோர், பிரிட்டாவைப் பார்த்தான். "சரி, அப்ப நானே" என்றான் டாமினிக். எங்கள் கல்லூரியில் பாதித் தலைவர்கள் இப்படித்தான் உண்டாகிறார்கள்.

பையனைக் குறை சொல்ல முடியாது. எல்லாருக்கும் முன்னால் வருவான், எல்லாருக்கும் பின்னால் பட்டறையைப் பெருக்கிவிட்டுப் போவான். மீன் வீட்டின் கதவு ஏன் உள்பக்கமாகவே திறக்கிறது என்று ஊரில் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டான். வெளிப்பக்கம் திறக்கிற கதவைக் காற்று அடித்துக் கொட்டும் பனி அடைத்துவிடும், உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். சறுக்குக் கட்டைக்குப் பதில் சக்கரங்களில் நிற்கிற வீட்டைக் கைப்பிடியைச் சுற்றி அப்படியே பனிக்கட்டி மட்டத்துக்கு இறக்கிவிடுகிற ஏற்பாடு அவன் யோசனை. அலுமினியச் சட்டம் முழுவதும் பெங்கின் வெல்டிங். கணக்கும் வரைபடமும் பிரிட்டா. வேலை ஓடியது.

பெஞ்சு எப்படி வந்தது என்றால், முதல் சந்திப்பில் எல்லாவற்றையும் கேட்டு முடித்த டார்லா, "அது சரி, நான் எங்க உக்காருவேன்?" என்றாள்.

டாமினிக் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பாத்தீங்களா, கூட வர்றவங்கள நாங்க யோசிக்கவே இல்ல!"

மறுவாரமே சுவரோடு ஒரு பெஞ்சு வரைபடத்தில் ஏறிவிட்டது. அதற்கடுத்த வாரம் டார்லா அதன் நீள அகலத்துக்கு ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தாள். சிவப்புக் கட்டம் போட்ட துணி, ஓரத்தில் நூலால் சின்னச் சின்ன மீன்கள். டாமினிக் அதைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினான். ஓரின், "நல்ல மெத்தை" என்றார்.

அக்டோபர் கடைசியில் ஒட்டுப்பலகையில் முழு அளவில் ஒரு மாதிரி வீட்டைப் பட்டறை நடுவில் நிறுத்தினார்கள். ஓரின் வந்து ஏறிப் பார்க்க வேண்டும். டார்லா காபியும், ஓட்ஸ் போட்டுச் சதுரமாக வெட்டிய சாக்லேட் இனிப்பும் கொண்டுவந்திருந்தாள்.

ஓரின் சாய்பலகையில் ஏறினார். கையில் பலம் உண்டு, ஒரே தள்ளில் உள்ளே போனார். போனவர் அங்கேயே நின்றார். இடதுபக்கம் பெஞ்சு. வலதுபக்கம் சுவர். நாற்காலியைத் திருப்ப இடமில்லை. கதவு உள்பக்கம் திறந்து நாற்காலியின் முதுகில் இடித்துக்கொண்டு நின்றது. ஒரு விநாடி கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் தேடினார். அதற்குள் டார்லா வெளியிலிருந்து ஓடி வந்து, நாற்காலியை ஒரு அழுத்து அழுத்தி, ஓரமாக நெருக்கி, தானும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். பெஞ்சில் உட்கார்ந்து, "அட, வசதியா இருக்கே!" என்றாள்.

"எப்படி இருக்கு, ஓரின்?" என்று டாமினிக் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. பரவாயில்ல."

"எதாவது மாத்தணுமா?"

"அய்யோ, அதெல்லாம் வேணாம். நீங்க இவ்வளவு பண்ணதே பெருசு."

டாமினிக் கட்டைவிரலை உயர்த்தினான். பிரிட்டா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் என் பூட்ஸைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கும் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு மனிதர் 'பரவாயில்லை' என்றால் அவர் வாயில் முள் குத்தியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நான் சொல்லக் கூடாது; அவளுக்கோ சொல்லிப் பழக்கமில்லை.

பிறகு காபி. எல்லாரும் ஆளுக்கு ஒன்று என்று எடுத்து, தட்டில் கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியது. எங்கள் ஊர் மரியாதைப்படி யாரும் கடைசித் துண்டை எடுக்க மாட்டோம். பெங் கத்தியால் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொண்டான்; அவனும் இந்த மாநிலத்துப் பிள்ளைதானே. பிரிட்டா அந்தப் பாதியைப் பாதியாக்கினாள். நான் அதிலும் பாதி. தட்டில் கட்டைவிரல் அளவு ஒன்று கிடந்தது, அதை ஓரின் இன்னும் பாதியாக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். டாமினிக் கை நீட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "சூப்பர் டார்லா, இதுல வெண்ணெய் எவ்வளவு?" என்றான்.

எல்லாரும் சிரித்தோம். மரியாதைக்காகச் சிரிக்கிற சிரிப்பு.

அவர்கள் வண்டி வெளியே போனதும் பிரிட்டா தட்டை மேஜையில் டமாரென்று வைத்தாள். அந்தப் பெண்ணிடமிருந்து அதற்குமுன் சத்தம் எதுவும் வந்து நான் கேட்டதில்லை.

"அவருக்குப் பிடிக்கல" என்றாள்.

"யாருக்கு?"

"ஓரினுக்கு. பெஞ்சு பிடிக்கல. கதவு சாத்த முடியல. நீ பாக்கல?"

டாமினிக் திகைத்துப் போனான். "நான் கேட்டேனே! உன் எதிர்லதானே கேட்டேன்? மாத்தணுமான்னு கேட்டேன், வேணாம்னாரு!"

"ஒரு தடவதானே கேட்ட."

"எத்தன தடவ கேக்கணும்?"

"மூணு."

"மூணா? இது எங்க எழுதியிருக்கு?"

பெங் வெல்டிங் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எழுதல்லாம் இல்லடா. எங்க வீட்டுலகூட அப்படித்தான். முதல் தடவ சரின்னு சொன்னா அலையறான்னு நெனச்சுப்பாங்க" என்றான்.

"உனக்கும் தெரியுமா? ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு சும்மா நின்னீங்களா?" டாமினிக்கின் முகம் சிவந்துவிட்டது. "நீ ஏன் அப்பவே சொல்லல, பிரிட்டா?"

"நீ என்னைக் கேக்கல."

"நம்ம டீமுக்குள்ளயே நான் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா? கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

பிரிட்டா பொய் சொல்லாத பெண். "மாட்டேன். பரவாயில்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

பெங் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். டாமினிக் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "மார்லிஸ், உங்களுக்கும் தெரியும்தானே?"

"சாவி யாருகிட்ட இருக்கு? பட்டறையைப் பூட்டணும்" என்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது. அவன் மேல் இல்லை. சம்பளத்துக்கு நான் செய்கிற வேலையின் மேல். ஆனாலும் விதி விதிதான். அவன் என்னை முறைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான். பூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "நாளைக்கு வேன் கிடைக்குமா? ஓரினோட டிப்போவுக்கு. டார்லா இல்லாத எடத்துல" என்றான். வேன் ஓட்டுவது என் வேலை. அதற்குத் தடை இல்லை.

டிப்போவில் ஓரின் டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ, வண்டியைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு ஓட்டுநரைப் பக்கத்து வீடு எதிலாவது போய் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் நால்வரும் கதவோரம் நின்றோம். அவர் டெலிபோனை வைத்ததும் டாமினிக் நேரே அவர் எதிரில் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிரிட்டா அவன் சட்டையைப் பிடித்து, நாற்காலியை ஓரின் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டாள். எங்கள் ஊரில் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பேச்சு வராது. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே எதையாவது பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நின்றன.

"பெஞ்சைப் பத்திக் கேக்க வந்தேன்" என்றான் டாமினிக்.

"நல்ல பெஞ்சுதான்."

"மாத்தணும்னா மாத்தலாம்."

"எதுக்கு? வேணாம். உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

டாமினிக் மூச்சை இழுத்துக்கொண்டான். வாயைத் திறந்து மூடினான். ஒரு பேருந்து ஓட்டுநர் எல்லா விளக்கையும் எரிய விட்டுச் சோதிக்கிறதை எல்லாரும் பார்த்தோம். ஓரின் அதில் பின்பக்க விளக்கு ஒன்று எரியாததைக் கவனித்துத் தாளில் குறித்துக்கொண்டார்.

"ஓரின், அந்த வீடு எங்களுக்கு இல்ல. உங்களுக்கு. உங்களுக்கு என்னதான் வேணும்?"

ஓரின் பேனாவை மூடினார். பேருந்துகளையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"விழுந்ததுலேர்ந்து நான் ஒரு கதவ உள்ளேர்ந்து சாத்துனது கெடையாது. பாத்ரூம் கதவக்கூட. எங்க அக்கா வெளியில நிப்பா. விழுந்துட்டா என்ன பண்றதுன்னு. அவ மேல தப்பு இல்ல. ஒரு தடவ விழுந்திருக்கேன். ஆனா..." நிறுத்தினார். "மீன் புடிக்கணும்னு இல்ல. சும்மா உக்காரணும். யாரும் என்னைப் பாக்காம."

டெலிபோன் அடித்தது. ஓரின் எடுத்து, "சொல்லு" என்றார், பழைய குரலில்.

வேனில் திரும்பும்போது பெங்தான் முதலில் பேசினான். "பெஞ்ச எடுத்துட்டா இடம் போதும். நாற்காலிய ஓரமாத் தள்ளிட்டு அவரே கதவ இழுத்துக்கலாம். ஒரு தாழ்ப்பாள், உக்காந்தா கைக்கு எட்ற உயரத்துல. அரை நாள் வேலை."

"வேலை இல்ல பிரச்சனை. மெத்தை" என்றாள் பிரிட்டா.

யாராவது டார்லாவிடம் சொல்ல வேண்டும். ஓரின் சொல்ல மாட்டார். சொல்ல முடிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார். சொல்லாமல் பெஞ்சை எடுத்துவிட்டால், பனியின் மேல் முதல் நாளே டார்லா மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவாள். வீட்டை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் ஓரினுக்கு அது கிடைக்காது.

"நான் சொல்றேன். லீடர் நான்தானே" என்றான் டாமினிக்.

"எப்படிச் சொல்லுவ?"

"நேராச் சொல்லிடுவேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

"செத்தோம்" என்றான் பெங்.

ஆனால் டாமினிக் நேராகச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்காதது அது. அடுத்த சந்திப்புக்கு டார்லா மெத்தைக்கு ஒரு உறையும் தைத்துக்கொண்டு வந்திருந்தாள், நனையாமல் இருக்க. அதைப் பார்த்ததும் பையனின் தைரியம் கரைந்துபோனது. அவள் முகத்தைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், அப்புறம் எங்கள் ஊர்க்காரன் மாதிரியே தொண்டையைக் கனைத்தான்.

"டார்லா, ஒரு சின்னச் சிக்கல். என் தப்புதான். எடை ஜாஸ்தியாயிடுச்சு. பனிக்கட்டி மேல வைக்கணுமில்லயா? அதனால பெஞ்ச எடுக்க வேண்டியிருக்கு."

"ஓ, அவ்வளவுதானா? அப்ப நான் மடக்கு ஸ்டூல் கொண்டுவர்றேன். எடையே இருக்காது."

"இல்ல, ஸ்டூல்னா... தரை வழுக்கும்."

"அடியில ரப்பர் ஒட்டிக்கறேன்."

"ஹீட்டர் பக்கத்துல இருக்கும். சூடு."

"நான் குளிர் தாங்காதவ, தம்பி. சூடு நல்லதுதான்."

டாமினிக்குக் காரணங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஓரின் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. பெங் ஒரு போல்ட்டைத் திருகிக் கழற்றித் திருகிக்கொண்டிருந்தான். டாமினிக், "காத்துவேற, டார்லா, ரெண்டு பேர் மூச்சு விட்டா ஜன்னல்ல நீர் கோத்துக்கும்..." என்று ஆரம்பித்தான். கேட்கவே பரிதாபமாக இருந்தது.

"அவர் தனியா இருக்கணும்னு ஆசப்படறாரு, டார்லா."

சொன்னது பிரிட்டா. அவளே தன் வாயிலிருந்து வந்ததை நம்பாதவள் போல நின்றாள். வான்கோழிப் பண்ணையில் நாலு தலைமுறையாக யாரும் இப்படி ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டார்கள்.

"எடை காரணம் இல்ல" என்றாள் பிரிட்டா. "டாமினிக் உங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றான். கதவ அவரே உள்ளேர்ந்து சாத்திக்கணும். நீங்க கரையில இருக்கலாம். போன் இருக்கும். ஆனா உள்ள அவர் மட்டும்."

டார்லா தம்பியைப் பார்த்தாள். "அப்படியா, ஓரின்?"

இது முதல் தடவை கேட்டது. மனுஷன் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டால் எல்லாம் பாழ். இந்தப் பெண் பேசியது வீணாகிவிடும். ஓரினின் வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராவதைக்கூடப் பார்த்தேன். அவர் பிரிட்டாவின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தப் பெண் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார்.

"ஓ" என்றாள் டார்லா. மெத்தையை உறையோடு சேர்த்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து இன்னொரு விதமாக மடித்தாள். "சரி. அதுவும் ஒரு விதம்தான்." பிறகு எழுந்து எல்லாருக்கும் காபி ஊற்றினாள். ஓரினின் கோப்பையில் மட்டும் ஊற்றாமல் குடுவையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். கோபமா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஐம்பது வருடமாகத் தெரிந்தவள்தான்.

டிசம்பரில், எல்லாக் குழுக்களும் செய்ததைக் காட்சிக்கு வைக்கிற நாள். வெளியூர் நடுவர்கள் வந்தார்கள். எங்கள் மீன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள், "கூட வர்றவங்க உக்கார இடம் இல்லையே, யோசிக்கலையா?" என்று கேட்டாள். டாமினிக், "யோசிச்சோம். வச்சிருந்தோம். அப்புறம் எடுத்துட்டோம்" என்றான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "அது அவரோட சொந்த விஷயம், மேடம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். பரிசு, நாய்க் காப்பகத்துக்குக் கழுவும் தொட்டி செய்த குழுவுக்குப் போனது. ஒருவரை ஒருவர் மதிப்பிடுகிற தாளில் பிரிட்டாவைப் பற்றி டாமினிக், 'கடினமான நேரத்தில் தலைமை ஏற்றாள்' என்று எழுதியிருந்தான். டாமினிக்கைப் பற்றி பிரிட்டா, கேலியாக, 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதியிருந்தாள். அவனிடம் நானே காட்டினேன். அவன் அதை என்னிடமிருந்து வாங்கி, சிரித்துக்கொண்டே படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான்.

ஜனவரியில் ஏரி நன்றாக உறைந்தபின் வீட்டை ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். செமஸ்டர் முடிந்துவிட்டது, மதிப்பெண் போட்டாயிற்று. வரவேண்டிய அவசியம் இல்லாமலே மூவரும் வந்திருந்தார்கள். டார்லாவும் வந்தாள். வெயில் அடித்தது, வெயில் அடிக்கிற நாளில்தான் எங்கள் பக்கம் குளிர் எலும்பைத் தொடும்.

பெங் கைப்பிடியைச் சுற்றி வீட்டை இறக்கினான். பிரிட்டா துளை போட்டுவிட்டு வெளியே வந்தாள். வேனிலிருந்து வீடு வரை டாமினிக் பனியை வழித்துப் பாதை போட்டிருந்தான். ஓரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதன் வழியே போனார். சாய்பலகை முன்னால் நின்றார்.

"கை குடுக்கவா?" என்றான் டாமினிக்.

"வேணாம்."

"நிஜமா?"

"வேணாம்ப்பா."

டாமினிக் வாயைத் திறந்தான். பிரிட்டா அவன் காலை மிதித்தாள். ஓரின் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மூணாவது தடவ கேக்காம உனக்குத் தூக்கம் வராது போல. கேளு."

"கை குடுக்கவா, ஓரின்?"

"வேணாம்."

ஏறினார். உள்ளே போனார். நாற்காலி ஓரமாக நகர்கிற சத்தம் கேட்டது. ஒரு கை வந்து கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்தது. கதவு மூடியது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. சின்னச் சத்தம்தான், ஆனால் பனியின் மேல் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

நாங்கள் அந்தக் கதவின் முன்னால், அடைத்த கடை முன்னால் நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். உள்ளே வரச் சொல்லவில்லை, நன்றி சொல்லவில்லை, ஒரு மூச்சும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே யாரோ சீட்டி அடித்தார்கள். இராகம் எதுவும் இல்லாத வெறும் சீட்டி. டார்லா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இவன் சீட்டி அடிப்பான்னே மறந்துட்டேன்" என்றாள்.

கரையில் வேனுக்குள் ஏறிக்கொண்டோம். டார்லா சிவப்புக் கட்டம் போட்ட மெத்தையைத் தன் இருக்கையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். அதே ஓட்ஸ் இனிப்பு. ஆளுக்கு ஒன்று போனபின் கடைசியாக ஒன்று மிஞ்சியது. டாமினிக் கத்தியை எடுத்து அதைக் கவனமாக இரண்டாக வெட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான். பெங் அவன் முதுகில் தட்டினான். டார்லா அந்த இரண்டு பாதியையும் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தின்றாள். மற்றதையும் எடுத்துத் தின்றாள்.

பிள்ளைகள் பாதையில் விட்டுவந்த மண்வெட்டியை எடுக்க இறங்கிப் போனார்கள். டார்லா விரலில் ஒட்டிய சாக்லேட்டைத் துடைத்துக்கொண்டே மீன் வீட்டைப் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

"மார்லிஸ், துலூத் வீட்டு நோட்டீஸு. இந்த வசந்தத்துக்கு ஒட்ட வேணாம்."

"ஏன், அவங்களே இருக்காங்களாமா?"

"இல்ல. காலி பண்றாங்க."

அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதுதான் என் விதி என்றாலும், இவள் என் மாணவி இல்லை. "அப்ப நீ அங்க போறியா? நிஜமாவா?" என்று கேட்டேன்.

"நிஜமாத்தான். எனக்கென்ன."

பேசாமல் இருந்துவிடலாம். இரண்டாவது தடவை கேட்டேன். "நிஜமா, டார்லா?"

"அதான் சொல்றேனே. எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

சீட்டிச் சத்தம் இங்கே கேட்கவில்லை. புகைக்குழாயில் மட்டும் வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் கேட்டேன்.

டார்லா மெத்தையின் ஓரத்து மீனை நகத்தால் நிமிண்டினாள்.

"பயமா இருக்கு, மார்லிஸ்" என்றாள். "ஆனா ஒட்டாத."